வளர்கிற பையனும் வளராத காரும்

எங்கள் பந்தயக் காரில் ஒருவர்தான் உட்கார முடியும். கூரை கிடையாது. ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவும், ஸ்டீயரிங்குக்கு முன்னால் அதைவிடச் சிறிய இன்னொரு வளைவும் இருக்கும். கார் கவிழ்ந்தால் அந்த இரண்டு வளைவுகள்தான் தரையில் பட வேண்டும், தலை படக்கூடாது. அதற்காக ஒரு விதி உண்டு. இரண்டு வளைவுகளின் உச்சியையும் தொடும்படி ஒரு நேரான கோலை வைத்தால், ஹெல்மெட் அந்தக் கோலுக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். எங்கள் அணியில் அந்தக் கோலை வைத்து அளப்பது என் வேலை.

பீளமேட்டில் ஒரு பழைய மில்லுக்குப் பின்னால் எங்கள் பட்டறை இருக்கிறது. ஆட்டோமொபைல் படித்த கையோடு இங்கே வந்துவிட்டேன். என்னுடன் படித்தவர்கள் பலரும் அதே சாலையில் உள்ள கணினி அலுவலகங்களுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் இருப்பதால் பூசைக்குப் போக முடியவில்லை என்பது அம்மாவின் ஒரே குறை. காரில் பொருத்தியிருக்கும் கருவிகள் பதிவு செய்வதைக் கணினியில் கோடுகளாக்கிப் பார்ப்பதும், அந்தக் கோடுகளை வைத்து ஓட்டுநர்களுக்கு அவர்களுடைய ஓட்டத்தைப் புரியவைப்பதும், அவர்களுக்கு இருக்கை செய்து கொடுப்பதும் என் பொறுப்புகள். எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைப்பது என் பழக்கம். டயர் காற்று, பிரேக் எண்ணெய், பெல்ட், தீயணைப்பான், கண்ணாடி என்று கார் வெளியே போகும் முன் பார்க்க வேண்டியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மெக்கானிக் அண்ணன் அதைச் சீர்வரிசை என்பார். "மாப்பிள்ளை கெளம்பலாமுங்களா அம்மணி, சீரெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் காரைத் தள்ளுவார்.

எங்களிடம் வரும் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள். அதற்கு முன் கார்ட் என்னும் சிறு வண்டியில் ஓட்டியிருப்பார்கள். கியரும் கிளட்சும் உள்ள பந்தயக் கார் அவர்களுக்கு இங்கேதான் முதல் தடவை. அவர்களுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கும். கவனிக்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வெயில் ஏறும் முன் ஓடுபாதை முழுவதும் நடக்க வைப்போம். எந்த இடத்தில் தார் வழவழப்பாக இருக்கிறது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்று அவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் கணினியைக் காட்டமாட்டோம். முதலில் வாயால் ஒரு சுற்றைச் சொல்ல வேண்டும்: எங்கே பிரேக், எவ்வளவு அழுத்தம், எங்கே விட்டாய், கண் எங்கே இருந்தது. அதன் பிறகுதான் கோடுகள். பெரும்பாலோர் தாங்கள் செய்ய நினைத்ததைச் செய்ததாகச் சொல்வார்கள். கோடு வேறு ஒன்றைச் சொல்லும். அந்த இடைவெளி குறைவதைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்கிறோம்.

பெருந்துறையிலிருந்து வந்த அந்தப் பையன் மட்டும் முதல் மாதத்திலேயே சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருக்கும்படி ஓட்டினான். மூன்றாவது வளைவில் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுத்துவிட்டேன் என்பான். கோட்டில் அப்படியே இருக்கும். அவனுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. அவன் அப்பா, நூற்பாலைகளில் நூல் சுற்றுவதற்கான காகிதக் கோன்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். பந்தய நாட்களில் வெள்ளைச் சட்டையோடு வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் இடம் பார்த்து நின்றுகொள்வார்.

எங்கள் அணியில் அந்த ஆண்டு இரண்டு ஓட்டுநர்கள். இன்னொருவன் ஈரோட்டுக்காரன், கட்டையான உடம்பு, நிதானமானவன். பருவம் முடிந்ததும் இருவரில் ஒருவனை அடுத்த நிலைப் பந்தயத்துக்கு, பெரிய காருக்கு, அனுப்புவதாக அணித் தலைவர் சொல்லியிருந்தார். எல்லாப் பந்தயங்களிலும் ஓட்டியிருக்க வேண்டும், புள்ளிகளில் முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. பெருந்துறைப் பையன்தான் முன்னால் இருந்தான்.

ஆனால் அவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

இருக்கை செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து ஒரு பையில் ஊற்றி, காருக்குள் வைத்து, அதன்மேல் ஓட்டுநரை உட்கார வைப்போம். புளித்த மாவு பொங்குவதுபோல அது சூடாகிப் பொங்கி, முதுகையும் இடுப்பையும் சுற்றி ஏறி இறுகிவிடும். அசையாமல் இருக்க வேண்டும். அவன் முதல் தடவை உட்கார்ந்தபோது அடியில் நல்ல கனமான மெத்தை இருந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் நானும் மெக்கானிக் அண்ணனும் அதைச் சீவி மெல்லியதாக்கினோம். முதுகுப் பக்கத்தைச் சீவி அவனைச் சாய்த்தோம். பெடல்களை முடிந்த வரை முன்னால் தள்ளினோம். ஒரு கட்டத்தில் அவனுக்கும் காரின் தரைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரிப்பின் கனம்தான் மிச்சம்.

"இவங்க ஊட்டுல சோத்துக்கு யூரியா போடறாங்களாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார் மெக்கானிக் அண்ணன், ரம்பத்தைத் தட்டிக்கொண்டே.

"உங்க ஊட்டுல போடாம உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்கண்ணா" என்றான் பையன். அண்ணன் குள்ளம். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவன் அப்பாவுக்கு மகனின் உயரத்தில் பெருமைதான். பையனின் தாத்தாவான தன் அய்யன் ஆறடி என்றும், இவன் அவரையும் தாண்டிவிடுவான்போல் இருக்கிறது என்றும் என்னிடம் சொன்னார். காருக்கு அது நல்லதில்லை என்று நான் விளக்கியபோது, மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். உயரமாக வளர்வது ஒரு பையனுக்கு எப்படிக் கெடுதலாகும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

பையனுக்கு விளங்கியிருந்தது. ஓடுபாதைக்கு எங்களோடு வரும் நாட்களில் அவன் இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வீட்டிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மா போனில் வருத்தப்பட்டார். பந்தயம் நெருங்கினால் பிள்ளைகளுக்குப் பசிக்காது, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவன், "அக்கா, சாயங்காலமா அளக்கலாங்களா?" என்று கேட்கத் தொடங்கினான். காலையில் பள்ளி அவசரம் என்று காரணம் சொன்னான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. காலையில் எழும்போது மனிதர்கள் சற்று உயரமாகவும், நாள் முழுக்க நின்று நடந்த பிறகு மாலையில் சற்றுக் குள்ளமாகவும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசிப் பந்தயம் நகரத்துக்குத் தெற்கே உள்ள நாங்கள் வழக்கமாகப் பயிற்சி செய்யும் ஓடுபாதையில். வெள்ளிக்கிழமை மாலை அதிகாரிகள் எல்லாக் கார்களையும் சோதித்தார்கள். கோல் வைத்துப் பார்த்தார்கள். பையன் மயிரிழையில் தேறினான். அதிகாரிகள் ஒரு தடவைதான் அளப்பார்கள். பந்தய நாள் காலையில் எங்கள் அணி தானாகவே இன்னொரு தடவை அளந்துகொள்ளும். அது அணித் தலைவர் வைத்த வழக்கம்.

சனிக்கிழமை நேர ஓட்டத்தில் பையன் இரண்டாவதாக வந்தான். தொடக்க வரிசையில் முன்வரிசை இடம். அவன் அப்பா அன்று முதல் தடவையாகத் தன் இடத்தை விட்டு எங்கள் கூடாரத்துக்குள் வந்து, காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாரும் டீ குடிக்கப் போனபோது நான் அவன் கோடுகளைத் திறந்தேன். நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும் இடத்தைப் பெரிதாக்கினேன். நல்ல ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் கோடு ஒரே மூச்சில் செங்குத்தாக ஏறும். அவனுடைய கோடு அப்படித்தான் இருக்கும். அன்று அது பாதி ஏறி, ஒரு கணம் தயங்கி, மறுபடி ஏறியது. எல்லாச் சுற்றிலும் அதே தயக்கம், எல்லாப் பெரிய பிரேக்கிலும். பிரேக்கில் கோளாறோ என்று முதலில் பார்த்தேன். மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி, பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று ஏறியிருக்கிறதா என்று சோதித்தோம். இல்லை. பிறகுதான் பையனின் இடுப்பை நினைத்தேன். முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பெடலை மிதிக்கும்போது உடம்பு முதலில் பின்னுக்குப் போகும். முதுகு போய் முட்டிய பிறகுதான் காலின் முழுப் பலமும் பெடலில் இறங்கும்.

அவன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. இடுப்பை முன்னால் தள்ளி, சரிந்து உட்கார்ந்திருக்கிறான். அப்படிச் சரிந்தால் தலை தாழும். கோலுக்குக் கீழே வரும். ஆனால் பெல்ட் இறுக்கமாக இருந்தால் சரிய முடியாது, அது தளர்வாக இருக்க வேண்டும்.

கூடாரத்தில் அவன் மட்டும் இருக்கும்போது கூப்பிட்டேன். காரின் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்தான். முழங்கால்கள் மார்பு வரை வந்தன.

"பெல்ட் போடறப்ப மூச்ச இழுத்து வயித்த உப்பிக்கறயா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க்கா தெரிஞ்சுது?" என்றான்.

"பிரேக்ல தெரியுது."

"ரெண்டு படியாட்ட ஏறுதுங்களா?" என்றான். நான் தலையசைத்தேன். "எனக்கே கால்ல தெரிஞ்சுதுங்க்கா. அதத்தான் சரி பண்ணிட்டிருக்கேன். நாளைக்கு ஒரே படியாப் புடிச்சுருவேன்."

அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததெல்லாம் அதில் இருந்தது. தன் உடம்பைக் கவனிப்பது, தவறைத் தானே கண்டுபிடிப்பது, அடுத்த ஓட்டத்துக்குள் திருத்துவது. அவன் திருத்தப் பார்த்தது கோட்டைத்தான். பெல்ட்டைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. இடுப்பு பெல்ட் இடுப்பு எலும்பில் பதிய வேண்டும். சரிந்து உட்கார்ந்தால் அது வயிற்றின்மேல் ஏறிவிடும். மோதினால் காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே குடலை அறுக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்னுக்குப் போகிற உடம்பு மேலேயும் எழும். அதாவது, தலை மிகவும் பத்திரமாக இருக்க வேண்டிய நேரத்தில் அது வளைவுகளுக்குச் சமமாக வந்துவிடும். இதையெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான்.

"ஒரே ஒரு ரேஸ்தானுங்க்கா" என்றான். "அப்பறம் பெரிய கார். அதுல நான் எவ்வளவு வளந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"கவுந்தா?"

"இந்த வருசம் ஒருத்தரும் கவுக்கலீங்களே."

"கவுக்கோணும்னு யாரும் கவுக்கறதில்ல, கண்ணு."

அவன் கையுறையைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றினான். காலையில் அளக்கும்போது எப்படி உட்கார வேண்டும் என்று கேட்டான். முதுகை முழுக்க ஒட்டி உட்கார வேண்டும், பெல்ட்டை நானே இழுப்பேன் என்றேன். அவன் எழுந்து போனான்.

அணித் தலைவரிடம் சொன்னேன். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர். கோட்டை நீண்ட நேரம் பார்த்தார். இருக்கையும் அளவும் என் பொறுப்பு என்றும், காலையில் நான் அளந்து சொல்வதுதான் முடிவு என்றும் சொன்னார். என்ன செய்யலாம் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். மெத்தையைச் சீவலாம்: மிச்சம் இல்லை. முதுகைச் சாய்க்கலாம்: பின்னால் எஞ்சின் தடுப்பு. வேறு ஹெல்மெட்: இருப்பதிலேயே சிறியதைத்தான் போட்டிருக்கிறான். நான்காவதாக எழுத எதுவும் தோன்றவில்லை.

இருட்டுவதற்குள் பையனின் அப்பா என்னைத் தேடி வந்தார். மகன் சொல்லியிருக்க வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, எத்தன கூடுதுங்க?" என்றார்.

சரியாக உட்கார்ந்தால் ஒரு விரல் அளவு இருக்கலாம், காலையில் அளந்தால்தான் தெரியும் என்றேன்.

அவர் தன் விரலைப் பார்த்தார். "எங்க கோன்ல அரை மில்லி கூடுனாலும் மில்லுக்காரரு கூப்புட்டுச் சத்தம் போடுவாருங்க. ஆனா அந்த லோட எறக்கிக்குவாரு. அடுத்ததுல சரி பண்ணிக்கச் சொல்லுவாரு. ஒரு லோடுதானுங்களே."

"அந்தக் கோனுக்குள்ள ஆள் உக்காந்திருக்கறதில்லீங்களே" என்றேன்.

எடுத்தெறிந்து பேசிவிட்டேனோ என்று தோன்றியது. அவர் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் ஊட்டுல சரியாச் சாப்படறதே இல்லீங்க அம்மணி" என்றார். "கட்டல்ல படுக்க மாட்டேங்கறான். தரையில குறுகிப் படுத்தா வளர மாட்டமாம். நாங்க பொறுப்பு வந்துபோட்டுதுன்னு நெனச்சுட்டோமுங்க."

அளக்க வேண்டாம் என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "காலைல நானும் வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, மேற்கே மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக வீசியது. கூடாரத்தின் துணி அடித்துக்கொண்டே இருந்தது. பையன் முழு உடையோடு வந்து காருக்குள் இறங்கினான். ஹெல்மெட்டை மாட்டினான். நான் குனிந்து இடுப்பு பெல்ட்டைப் பிடித்தேன். மூச்சை விடச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் அவனே முழுவதுமாக விட்டான். வயிறு ஒட்டிப்போனது. பெல்ட்டை இழுத்து இடுப்பெலும்பில் பதித்தேன். அவன் குதிகாலை ஊன்றி முதுகைப் பின்னால் தள்ளினான், ஒரு தடவை, இரண்டாம் தடவை, இனிப் போக இடமில்லை என்னும் வரை. தலை மெல்ல மேலே வந்தது.

கோலை வைத்தேன். வழக்கமாக நான் படித்து, அண்ணன் எழுதுவார். அன்று பையனின் அப்பாவும் குனிந்து பார்த்தார். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை இருந்தது. மறுபடி வைத்தேன். அதே மூன்றரை.

"சொல்லுங்க்கா" என்றான் பையன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

சொன்னேன்.

பெல்ட்டின் நடுக்கொக்கியை அவனே திருப்பினான். வெளியே ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றி, காரின் மூக்கின்மேல் வைத்தான். அவன் அப்பா அவன் கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துவிட்டார். அந்த உயரத்துக்கு அவர் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

இதன் பிறகு நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். பெரிய காருக்குப் போனது ஈரோட்டுப் பையன். நிபந்தனையை மாற்ற முடியாதா என்று அணித் தலைவரிடம் நான் கேட்டேன்; மாற்றினால் அது நிபந்தனை இல்லை என்றார். அதுவும் சரிதான். பெருந்துறைப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அதன் பின் பந்தயக் காரில் உட்காரவில்லை. இருவரின் கோடுகளும் என்னிடம் இருக்கின்றன. யார் வேகமானவன் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன். இது வரை யாரும் கேட்கவில்லை.

அன்று நாங்கள் விலகுவதாகத் தெரிவித்தபோது தொடக்க வரிசை முடிவாகியிருந்தது. அதனால் எல்லாரையும் ஓர் இடம் முன்னால் நகர்த்தாமல், அவன் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். கார்கள் போய் வரிசையில் நின்றன. முன்வரிசையில் ஒரு பக்கம் கார், மறுபக்கம் வெறும் தார். அந்த வெற்றிடத்துக்கு நேர் பின்னால் நின்றது ஈரோட்டுப் பையனின் கார்.

நான் ஓடுபாதையோரத் தடுப்புச் சுவரில் நின்றேன். பையன் உடை மாற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அவங்கிட்டச் சொன்னீங்களா, முன்னால காலின்னு?" என்றான்.

அவனுக்கே தெரிகிறதே, கண் முன்னால்தானே இருக்கிறது என்றேன்.

"தெரியும். ஆனா லைட் அணஞ்சதும் பழக்கத்துல வெளிப்பக்கம் திருப்பிருவான். முன்னால எப்பவும் கார் இருக்குமில்லீங்க."

எங்கள் கார்களில் பேசும் கருவி கிடையாது. அவன் தடுப்பைத் தாண்டி, மெக்கானிக்குகள் விலகுவதற்குள் வரிசைக்கு ஓடினான். ஈரோட்டுப் பையனின் காருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ஹெல்மெட்டருகே வாயை வைத்து ஏதோ சொன்னான். கையை நேராக முன்னால் நீட்டிக் காட்டினான். உள்ளே ஹெல்மெட் அசைந்தது. விசில் ஊதியதும் ஓடி வந்துவிட்டான்.

பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் சிவப்பு விளக்குகள் அணைந்தன. ஈரோட்டுப் பையன் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. காலியாக இருந்த இடத்தின் நடுவில் நேராகப் போய், முதல் வளைவுக்குள் இரண்டாவதாக நுழைந்தான்.

"சரியாப் போயிட்டான்" என்றான் பையன். வளைவுக்கு அப்பால் கடைசிக் கார் மறையும் வரை பார்த்தான். பிறகு அப்பா எங்கே என்று கேட்டுவிட்டு, அவரைத் தேடிப் போனான்.